மென்பொருள் குழுவின் உற்பத்தித்திறன்: எதை எண்ணினால் என்ன தெரியும்?

2024 அக்டோபரில் கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை, தங்கள் நிறுவனத்தில் புதிதாக வரும் கோடில், அதாவது கணினி நிரலில், நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏஐ உருவாக்குகிறது, பொறியாளர்கள் அதைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார்கள் என்று சொன்னார். அடுத்த ஆண்டு ஜூலையில் மீட்டர் என்ற ஆய்வு அமைப்பு ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்கள், பல ஆண்டுகளாகப் பழகிய புராஜெக்ட்டுகளில் 246 வேலைகளைச் செய்தார்கள். எந்த வேலைக்கு ஏஐ பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஏஐ அனுமதிக்கப்பட்ட வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. தொடங்கும் முன், நேரம் 24 சதவீதம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும், 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்குத் தலை சுற்றும். ஏஐ வந்து வேலை வேகமானதா, மெதுவானதா? இரண்டு தகவலிலும் பொய் இல்லை. ஒன்று கோடின் பங்கை எண்ணுகிறது, மற்றது கடிகாரத்தைப் பார்க்கிறது. வெவ்வேறான இரண்டு அளவுகள் ‘உற்பத்தித்திறன்’ என்ற ஒரே பெயரில் உலவுகின்றன. இந்தக் குழப்பம் கோட் எழுதும் ஏஐ கருவிகளுக்கு அரை நூற்றாண்டு மூத்தது. அதனால் அடிப்படையிலிருந்தே தொடங்குவது நல்லது.

வகுத்தல் கணக்கில் மேலே என்ன எழுதுவது?

உற்பத்தித்திறன் ஒரு வகுத்தல் கணக்கு. கிடைத்த பலனை, போட்ட உழைப்பால் வகுக்கிறோம். திருகாணி செய்யும் ஆலையில் 8 மணி நேரத்தில் 4,000 திருகாணி என்றால் மணிக்கு 500. முதல் திருகாணியும் நாலாயிரமாவதும் ஒரே மாதிரி இருப்பதால் இந்தக் கணக்குக்கு அர்த்தம் இருக்கிறது.

மென்பொருளில் கீழே போடும் எண் ஓரளவு தெரியும்: எத்தனை பேர், எத்தனை நாள். மேலே எதைப் போடுவது என்பதில்தான் எல்லாம் முட்டி நிற்கிறது. ஒருமுறை எழுதிய நிரலை யாரும் மறுபடி தயாரிப்பதில்லை. நகலெடுத்தால் முடிந்தது, செலவே கிடையாது. அதனால் ஒரு டெவலப்பர் உட்கார்ந்து எழுதுவது எதுவாக இருந்தாலும், அது ஏதோ ஒரு வகையில் அந்த இடத்தில் இதுவரை இல்லாத ஒன்று.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அத்தனை அரிசியும் ஒரே உலையில் வெந்ததால் அது சரி. ஒரு குழு இந்த மாதம் முடித்த நாற்பது வேலைகள் நாற்பது தனித்தனி உலைகள். ஒன்றை நசுக்கிப் பார்த்து மற்றதைச் சொல்ல வழியில்லை.

வரிகளை எண்ணியபோது நடந்தது

முதலில் எல்லோருக்கும் தோன்றியது, எழுதிய வரிகளை எண்ணுவது. கண்ணுக்குத் தெரியும், கணினியே எண்ணிக் கொடுத்துவிடும்.

1982-ல் ஆப்பிளில் லிசா கணினிக்கான மென்பொருள் வேலை நடந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் வாரந்தோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று மேலாளர்கள் ஏற்பாடு செய்தார்கள். அந்த வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று அதில் ஒரு கட்டம். திரையில் வடிவங்களை வரையும் குவிக்டிரா என்ற பகுதியை எழுதிய பில் அட்கின்சன், அப்போது அதில் ஒரு முக்கியமான பாகத்தை இன்னும் எளிமையான முறையில் திருப்பி எழுதி முடித்திருந்தார். வரைவது கிட்டத்தட்ட ஆறு மடங்கு வேகமானது. நிரலில் 2,000 வரிகள் குறைந்தன. கட்டத்தில் அவர் -2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரங்களில் அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.

படிவத்தின் கணக்குப்படி, அந்த வாரத்தின் மிகச் சிறந்த வேலைதான் மிக மோசமான வேலை. ஒரு அளவுகோல் கொஞ்சம் முன்னே பின்னே காட்டினால் திருத்திக்கொள்ளலாம். இங்கே திசையே தலைகீழாக இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு வரியையும் பின்னால் வருபவர் படிக்க வேண்டும், டெஸ்ட் செய்ய வேண்டும், பழுது வந்தால் அதற்குள் தேட வேண்டும். கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1988-ல் இதைக் கணக்கு நோட்டின் மொழியிலேயே சொன்னார்: வரிகளை எண்ணத்தான் வேண்டும் என்றால், உண்டாக்கிய வரிகள் என்று எண்ணாமல் செலவழித்த வரிகள் என்று எண்ணுங்கள், இப்போது அந்தத் தொகையைப் பேரேட்டின் தவறான பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம். கோடில் இத்தனை சதவீதம் ஏஐ எழுதியது என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியம்தான் முன்னால் நிற்கிறது.

வரிகளுக்கு மாற்றாக, 1979-ல் ஐபிஎம்மின் ஆலன் ஆல்பிரெக்ட் ‘ஃபங்ஷன் பாயின்ட்’ முறையை முன்வைத்தார். பயனர் கண்ணில் படும் உள்ளீடுகள், வெளியீடுகள், விசாரணைகள், கோப்புகள் இவற்றை எண்ணி எடை போடும் முறை அது. வரிகளைவிட எவ்வளவோ மேல், ஒப்பந்த வேலைகளில் இன்றும் பயன்படுகிறது. ஆனால் எண்ணுவதற்கே பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். யாருக்கும் தேவைப்படாத ஒரு வசதிக்கும் அது முழுப் புள்ளி கொடுத்துவிடும்.

ஸ்டோரி பாயின்ட்: திட்டமிட வந்த எண்

இன்று பல குழுக்களில் புழங்குவது ஸ்டோரி பாயின்ட். ஒரு வேலை இன்னொன்றோடு ஒப்பிட்டால் எவ்வளவு பெரியது என்று குழுவே சேர்ந்து போடும் மதிப்பு அது. ஒரு ஸ்பிரின்ட்டில், அதாவது பெரும்பாலும் இரண்டு வாரத்தில், முடித்த பாயின்ட்டுகளின் கூட்டுத்தொகைக்கு வெலாசிட்டி என்று பெயர்.

ஒரு பிளானிங் மீட்டிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். ‘பாஸ்வேர்டை மாற்றினால் மற்ற எல்லாச் சாதனங்களிலும் லாகவுட் ஆக வேண்டும்’ என்ற டிக்கெட், அதாவது வேலைக் குறிப்பு, திரைக்கு வருகிறது. மூன்று பேர் 3 என்கிறார்கள், ஒருவர் 8 என்கிறார். ஏன் என்று அவரிடம் கேட்கிறார்கள். “மொபைல் ஆப்பில் செஷனை வேற இடத்துல வச்சிருக்கோம், அதையும் தொடணும்” என்கிறார். செஷன் என்பது பயனர் லாகின் செய்திருக்கும் நிலையின் பதிவு. மற்ற மூவருக்கும் அது தெரியாது. பேசி 5 என்று முடிக்கிறார்கள். அந்த மீட்டிங்கில் கிடைத்த உண்மையான லாபம் மொபைல் செஷன் பற்றிய அந்தத் தகவல். 5 என்ற எண் அதைத் தாங்கி நிற்கும் ஒரு குறிப்பு.

இப்போது மேலிடத்திலிருந்து ‘இந்தக் காலாண்டில் வெலாசிட்டி 20 சதவீதம் உயர வேண்டும்’ என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. அடுத்த மீட்டிங்கில் இதே மாதிரி ஒரு டிக்கெட். எதற்கும் 8 போட்டுவைப்போம் என்கிறார் ஒருவர். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. காலாண்டு முடிவில் வெலாசிட்டி உயர்ந்துவிடும். பயனருக்குக் கிடைத்த மென்பொருள் அதே அளவுதான். ஏன் 8 என்று கேட்கும் பழக்கம் மட்டும் போய்விட்டது.

ஒரு குழுவின் 40-ஐயும் இன்னொரு குழுவின் 60-ஐயும் ஒப்பிடுவதும் இதே வகைத் தவறு. ஒவ்வொரு குழுவும் தன் கை முழத்தால் அளந்த எண் அது. ஸ்டோரி பாயின்ட்டைத் தான் கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்று மென்பொருள் வல்லுநர் ரான் ஜெஃப்ரீஸ் எழுதியது, அது இப்படி இலக்காக மாறிய விதத்தைப் பார்த்த பிறகுதான்.

அளவு இலக்காகும்போது

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் உண்டு: குட்ஹார்ட் விதி. சார்லஸ் குட்ஹார்ட் 1975-ல் பணக் கொள்கை பற்றிப் பேசும்போது சொன்னது. 1997-ல் மானுடவியலாளர் மர்லின் ஸ்ட்ராதெர்ன் அதற்குக் கொடுத்த வடிவம்தான் இன்று பரவலாகச் சொல்லப்படுகிறது: ஒரு அளவு இலக்காக மாறியதும் அது நல்ல அளவாக இருப்பதில்லை.

மென்பொருளில் இந்த விதி மற்ற இடங்களைவிட வேகமாக வேலை செய்யும். அளக்கப்படுபவரே டிக்கெட்டை எழுதுகிறார், அவரே உடைக்கிறார், அவரே மூடுகிறார். எண்ணை உண்டாக்கும் கருவி முழுவதும் அவர் கையில் இருக்கிறது.

1. மூடிய டிக்கெட்டுகளை எண்ணினால், ஒரு வேலை நான்கு டிக்கெட்டாகப் பிரியும்.

2. கண்டுபிடித்த பக் (நிரல் பிழை) எண்ணிக்கையை வைத்து டெஸ்டரையும், உண்டான பக் எண்ணிக்கையை வைத்து டெவலப்பரையும் மதிப்பிட்டால், ‘இது பக்-ஆ, புதுத் தேவையா’ என்ற வாக்குவாதத்திலேயே நாள் போகும்.

3. டெஸ்ட் கவரேஜ், அதாவது டெஸ்ட்டுகள் ஓட்டிப் பார்க்கும் நிரலின் பங்கு, 80 சதவீதம் இருந்தே ஆக வேண்டும் என்றால், நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு விடை சரியா என்று எதையும் சரிபார்க்காத டெஸ்ட்டுகள் வரும். இந்த மூன்றில் மிகவும் ஆபத்தானது இதுதான். மற்ற இரண்டும் நேரத்தை வீணாக்கும். இது, பாதுகாப்பு இருக்கிறது என்று எல்லோரையும் நம்பவைத்துவிடும்.

தனிநபரை அளக்கப் போனால்

ஒரு குழுவில் மூத்தவர் ஒருவர். காலையில் புதியவர் ஒருவரோடு உட்கார்ந்து, இரண்டு நாளாகப் பிடிபடாத பழுதைப் பிடிக்க உதவுகிறார். மதியம் வேறொருவர் எழுதிய கோடை ரிவியூ செய்து, அதாவது படித்துச் சரிபார்த்து, டேட்டாபேஸைத் திணறடித்திருக்கக்கூடிய ஒரு குவெரியைச் சுட்டிக்காட்டுகிறார். மாலை ஒரு மீட்டிங்கில், ‘இந்த வசதியைப் புதிதாக எழுத வேண்டாம், ஏற்கெனவே இருக்கிறது’ என்று சொல்லி மூன்று வார வேலையைத் தவிர்க்கிறார். அவர் பெயரில் கமிட், அதாவது நிரலில் பதிவான மாற்றம், பூஜ்யம், மூடிய டிக்கெட் பூஜ்யம். தனிநபர் பட்டியலில் அவர் கடைசி. அவரை எடுத்துவிட்டால் குழுவில் எல்லோருடைய எண்ணும் சரியும்.

சில டெவலப்பர்கள் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதன் வேர்களில் ஒன்று 1968-ல் சாக்மன், எரிக்சன், கிரான்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு. டெர்மினலில் நேரடியாக வேலை செய்வதா, வேலைகளை மொத்தமாகக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்கும் பேட்ச் முறையா, எது மேல் என்று பார்க்கத்தான் அதைத் தொடங்கினார்கள். முறைகளுக்கு இடையே இருந்த வித்தியாசத்தைவிட ஆட்களுக்கு இடையே இருந்த வித்தியாசம் பெரிதாக வந்தது. ஆனால் அது சிலர் தனித்தனியாக உட்கார்ந்து சிறு நிரல்களை எழுதிப் பிழை திருத்திய சோதனை. பத்துப் பேர் சேர்ந்து ஒரே நிரலைப் பல ஆண்டுகள் பராமரிக்கும் வேலைக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

பத்துப் பேர் என்றதும் இன்னொரு கணக்கு சேர்கிறது. ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் சொன்னது: தாமதமான திட்டத்தில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவரின் நேரம் போகும். அதோடு பேச வேண்டிய இணைப்புகளும் பெருகும். 5 பேர் இருந்தால் இருவர் இருவராக 10 இணைப்புகள். 10 பேர் என்றால் 45. ஆள் இரு மடங்கு, பேச்சு நாலரை மடங்கு. இந்தப் பேச்சு யாருடைய தனிக் கணக்கிலும் வராது.

ஒரு டிக்கெட்டின் பயணம்

சரி, அப்படியானால் எதைத்தான் அளப்பது? ஒரு சிறிய மாற்றத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து பார்க்கலாம். இது ஒரு மாதிரிக் கணக்கு. ஆனால் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

திங்கள் காலை 10 மணிக்கு டெவலப்பர் டிக்கெட்டை எடுக்கிறார். மதியம் 1 மணிக்குக் கோட் தயார், ரிவியூவுக்கு அனுப்பிவிட்டார். ரிவியூ செய்ய வேண்டியவர் வேறு வேலையில் இருக்கிறார். புதன் மாலைதான் பார்க்கிறார், அரை மணி நேரம். இரண்டு திருத்தம் சொல்கிறார். வியாழன் காலை ஒரு மணி நேரத்தில் திருத்தியாயிற்று. டெஸ்ட் சர்வரை இன்னொரு குழு பிடித்து வைத்திருக்கிறது. அடுத்த திங்கள் கிடைக்கிறது, ஒன்றரை மணி நேரத்தில் டெஸ்டிங் முடிகிறது. ரிலீஸ் புதன்கிழமைகளில் மட்டும்தான். அந்தப் புதன் மாலை பயனருக்குப் போய்ச் சேருகிறது.

கை பட்ட நேரம் மொத்தம் 6 மணி. கடந்தது 8 வேலை நாள், அதாவது 64 மணி நேரம். பத்தில் ஒரு பங்குகூட வேலை நடக்கவில்லை, மீதி முழுக்கக் காத்திருப்பு. கோட் எழுதும் அந்த 3 மணி நேரத்தை ஒன்றரை மணியாகக் குறைக்கும் கருவி வந்தால் என்ன ஆகும்? டிக்கெட் 11.30-க்கே ரிவியூ வரிசையில் போய் நிற்கும். அப்புறம் அதே புதன், அதே திங்கள், அதே ரிலீஸ் நாள். பயனருக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

வரிசையில் காத்திருப்பது பற்றி ஜான் லிட்டில் 1961-ல் நிறுவிய ஒரு சூத்திரம் இருக்கிறது. ஒரு வேலை முடிய ஆகும் சராசரி நேரம், நடப்பில் உள்ள வேலைகளின் எண்ணிக்கையை முடிக்கும் வேகத்தால் வகுத்தால் கிடைக்கும். ஒரு குழுவில் 30 வேலை பாதியில் இருக்கிறது, வாரத்துக்கு 5 முடிகிறது என்றால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக 6 வாரம். யாரும் வேகமாக வேலை செய்யாமலே, ஒரே சமயத்தில் 15-க்கு மேல் தொடங்குவதில்லை என்று முடிவெடுத்து அதே 5-ஐ முடித்துக்கொண்டிருந்தால், 3 வாரம்.

டோரா அளவுகள்

டோரா என்பது மென்பொருள் குழுக்களின் செயல்பாட்டை ஆராயும் அமைப்பு. ஆட்களை விட்டுவிட்டு இந்த ஓட்டத்தை அளப்பதுதான் டோரா அளவுகளின் அடிப்படை. நிக்கோல் ஃபோர்ஸ்கிரென், ஜெஸ் ஹம்பிள், ஜீன் கிம் ஆகியோர் பல ஆண்டுகள் நடத்திய கருத்துக்கணிப்புகளின் முடிவை 2018-ல் நூலாக வெளியிட்டார்கள். அந்த ஆண்டின் கடைசியில் டோராவை கூகுள் வாங்கியது. அவர்கள் முன்வைத்த நான்கு அளவுகள்:

1. டிப்ளாய் எண்ணிக்கை: எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றங்கள் பயனரைச் சேருகின்றன.

2. மாற்றத்துக்கு ஆகும் நேரம்: கோட் கமிட் ஆனதிலிருந்து புரொடக்‌ஷனில் ஓடும் வரை. மேலே பார்த்த டிக்கெட்டின் காத்திருப்பு பெரும்பாலும் இதற்குள் வந்துவிடும்.

3. தோல்வி விகிதம்: வெளியிட்ட மாற்றங்களில் எத்தனை சதவீதம் பழுதாகி உடனே சரிசெய்ய வேண்டி வந்தது.

4. மீளும் நேரம்: பழுதானால் சேவை திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது.

முதல் இரண்டும் வேகம், அடுத்த இரண்டும் நிலைத்தன்மை. வேகமாகப் போனால் உடையும் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆய்வில் நல்ல குழுக்கள் நான்கிலும் நன்றாக இருந்தன. மாற்றம் சிறிதாக இருந்தால் சீக்கிரம் போகும், உடைந்தால் எது உடைத்தது என்று உடனே தெரியும். அதனால் இரண்டும் சேர்ந்தே நகர்கின்றன. நான்கையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான். டிப்ளாய் எண்ணிக்கையை மட்டும் இலக்காக்கினால் ஒன்றுமில்லாத டிப்ளாய்கள் வரும்.

டோரா சொல்லாத ஒன்றும் உண்டு. குழாயில் தண்ணீர் தடையின்றி ஓடுகிறதா என்று அது காட்டும். அந்தத் தண்ணீர் யாருக்காவது தேவையா என்பது அதற்குத் தெரியாது.

உழைப்பிலிருந்து பலன் வரை

2021-ல் ஃபோர்ஸ்கிரெனும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் உள்ளிட்ட மற்றவர்களும் ‘ஸ்பேஸ்’ என்ற சட்டகத்தை வெளியிட்டார்கள். மனநிறைவு, விளைவு, செயல்பாடு, கூட்டுழைப்பு, தடையற்ற ஓட்டம் என ஐந்து பக்கங்கள். ஒரே எண்ணை நம்பாதீர்கள், குறைந்தது மூன்று பக்கங்களிலிருந்து எடுங்கள் என்பது அதன் சாரம்.

2023 ஆகஸ்டில் மெக்கின்சி ஆலோசனை நிறுவனம், டெவலப்பர் உற்பத்தித்திறனை அளக்க முடியும் என்று சொல்லித் தன் முறையை வெளியிட்டபோது பெரிய விவாதம் கிளம்பியது. மென்பொருள் வல்லுநர்கள் கென்ட் பெக்கும் கெர்கெய் ஓரோஸும் எழுதிய பதிலில் ஒரு சங்கிலி வருகிறது. உழைப்பு, வெளியீடு, விளைவு, தாக்கம். பாஸ்வேர்டு டிக்கெட்டையே வைத்துச் சொன்னால், அதற்குச் செலவான மணி உழைப்பு. வெளிவந்த கோட் வெளியீடு. பயனர் இப்போது வேறு சாதனங்களிலிருந்து தானாக லாகவுட் ஆகிறார் என்பது விளைவு. கணக்குத் திருட்டு குறைந்தது என்பது தாக்கம்.

சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பவற்றை எண்ணுவது சுலபம், வளைப்பதும் சுலபம். கடைசியில் இருப்பவற்றை ஏமாற்றுவது கஷ்டம், ஆனால் அவை எந்தத் தனிநபருடைய பெயரிலும் வராது. கணக்குத் திருட்டு குறைந்ததற்கு 8 போட்டவர் காரணமா, ரிவியூ செய்தவர் காரணமா? தனிநபரை அளக்கும் ஆசை இருக்கும் வரை, கை தானாகச் சங்கிலியின் தொடக்கத்துக்கே போகும். நிர்வாகம் விட்டுக்கொடுக்க வேண்டியது இந்த ஆசையைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

மறுபடி ஏஐ செய்திகளுக்கு

இனி முதலில் பார்த்த இரண்டு செய்திகளையும் சங்கிலியில் பொருத்தலாம். கோடில் இத்தனை சதவீதம் ஏஐ என்பது வெளியீடு பற்றிய தகவல். டெய்க்ஸ்ட்ரா சொன்னபடி, அதில் எவ்வளவு செலவுப் பக்கம் என்று அந்த எண் சொல்லாது. மீட்டர் சோதனை அளந்தது ஒரு வேலைக்கு ஆன நேரம். அதுவும் தங்கள் நிரலை நன்கு அறிந்தவர்களிடம், 2025-ன் தொடக்கத்தில் இருந்த கருவிகளை வைத்து. புதிதாக ஒரு மொழி கற்பவருக்கோ, இன்றைய கருவிகளுக்கோ அந்த 19 சதவீதத்தை அப்படியே தூக்கிப் போட முடியாது.

எந்தக் கருவிக்கும் பொருந்துவது அந்தச் சோதனையின் இன்னொரு பாதி. வேலை செய்தவர்களே தங்கள் வேகத்தைத் தலைகீழாக உணர்ந்தார்கள். ஆகவே ‘ஏஐயால் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது’ என்று ஊழியர்களிடம் கருத்துக் கேட்டு வெளியிடப்படும் சதவீதங்களை நேர அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்’ என்று கேட்டால் அதே ஊழியர்கள் சரியாகவே சொல்வார்கள்.

டோராவின் 2024 அறிக்கை, ஏஐ பயன்பாடு 25 சதவீதம் கூடும்போது டெலிவரி வேகம் 1.5 சதவீதமும் நிலைத்தன்மை 7.2 சதவீதமும் குறைவதாக மதிப்பிட்டது. கோட் எழுதுவது சுலபமானதால் ஒவ்வொரு மாற்றமும் பெரிதாகிறது என்பது அவர்கள் சொன்ன சாத்தியமான காரணம். நம் டிக்கெட்டை நினைத்தால் இது புரியும். எழுதும் வேகம் கூடினால் ரிவியூ செய்பவர் முன்னால் குவியல் உயர்கிறது. அவருக்கு நாளில் அதே மணி நேரம்தான். ஒன்று வரிசை நீளும், இல்லாவிட்டால் மேலோட்டமாகப் பார்த்து விட்டுவிடுவார்.

தொடங்க ஒரு வழி

அளக்க விரும்பும் குழு எந்தக் கருவியும் வாங்காமல் தொடங்கலாம். கடைசியாக முடித்த இருபது டிக்கெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நேரங்களை எழுத வேண்டும்: எப்போது எடுத்தோம், எப்போது ரிவியூவுக்குப் போனது, எப்போது ஒப்புதல் ஆனது, எப்போது டெஸ்டிங் முடிந்தது, எப்போது வெளியானது. யார் செய்தார்கள் என்ற கட்டம் அந்தத் தாளில் வேண்டாம். ஒரு மதியத்தில் முடிந்துவிடும் வேலை. இருபது வரிகளிலும் மிகப் பெரிய இடைவெளி எந்த இரண்டு நேரங்களுக்கு நடுவே விழுகிறதோ, அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து அடுத்த இருபது டிக்கெட்டுகளுக்கு இதையே எழுதிப் பார்த்தால், அந்த இடைவெளி குறைந்ததா என்று தெரிந்துவிடும்.